பொதிகை போனால் நமக்கென்ன போச்சு?

2024 ஜனவரி 19 அன்று பொதிகைக்கு இரங்கல் எழுதினார்கள் பலபேர். அன்றைக்குச் சென்னை வந்திருந்த பிரதமர் 'டிடி தமிழ்' என்கிற புதுப்பெயரோடு அந்தச் சேனலைத் தொடங்கிவைத்தார். 'டிடி பொதிகை' அத்தோடு ஒழிந்தது. மலையின் பெயர் போச்சு, தமிழ்முனிவன் இருந்த இடத்தின் பெயர் போச்சு, பண்பாட்டுக்கென்று இருந்த ஒரே சேனலும் போச்சு என்று ஒரே புலம்பல். புலம்பியவர்களில் நம் தோழர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. எனக்கு வங்கியில் எழுத்தர் வேலை, கணக்குப் பார்க்காமல் அழுகை வருவதில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. பொதிகை என்கிற பெயர் வந்தது 2000இல். அதற்கு முன்னால் வெறும் டிடி-5. ஆக, இருபத்து நாலு வருஷப் பெயர். என் கடைசித் தம்பியின் வயசுகூட ஆகாத பெயருக்கு ஆயிரம் வருஷத்து ஒப்பாரி.

கணபதியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் தரும் பையனிடம், 'பொதிகைக்குப் பேரு மாத்திட்டாங்களே, ஆராவது வந்து கேட்டாங்களா தம்பி?' என்றேன். 'ஏனுங்ணா, அது இத்தனை நாளு ஓடிட்டா இருந்துச்சு?' என்று திருப்பிக் கேட்டான். சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப் சுற்றிலும் பட்டறைகள். லேத்திலும் ஃபவுண்டரியிலும் ஷிப்டு முடித்து வருகிறவன் ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்டியைப் போட்டால் சீரியல், இல்லாவிட்டால் பழைய படம், இல்லாவிட்டால் கிரிக்கெட். பொதிகைக்கு அவன் விரல் போனதே இல்லை. ஆனால் யாரும் பார்க்காவிட்டாலும் தூர்தர்ஷனைக் காட்டியே தீர வேண்டும் என்பது 1995ஆம் வருஷத்துக் கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஆகவே அந்தச் சேனல் நம் வளவுக்கு, நம் வீட்டுக்கு, நம் பெட்டிக்கு இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் கிளைக்கு வந்துபோகும் ஒரு மேலதிகாரிக்கு வேறு துக்கம். அவர் டிஎல்சி பார்ப்பவர். 'ஒரு காலத்துல டிராவல் அண்ட் லிவிங்னு எவ்வளவு டீசண்டா இருந்தது சார், இப்ப எல்லாம் கண்ட கண்ட குடும்பச் சண்டை. ஜனங்க ரசனை அப்படி. அவங்களுக்குத் தகுந்த மாதிரி சேனலும் எறங்கிடறது.' ஜனங்க என்று சொல்லும்போது அவருடைய கை கவுண்டருக்கு வெளியே, நூறுநாள் வேலைச் சம்பளம் எடுக்க வரிசையில் நின்ற பெண்களின் பக்கம் போனது. தெரிந்து போனதா, தெரியாமல் போனதா என்று நான் கேட்கவில்லை.

அந்த டிஎல்சியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்த மூன்று எழுத்தின் விரிவு 'தி லேர்னிங் சேனல்', கற்றுக்கொள்ளும் சேனல். அதற்கும் முன்னால் 1970களில் அது அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதிக்காக அரசாங்கமும் நாசாவும் சேர்ந்து உண்டாக்கிய கல்வி ஒளிபரப்பு. நிலக்கரிச் சுரங்கத்துக்கும் வறுமைக்கும் பேர்போன மலை அது. பள்ளிக்கூடமும் வாத்தியாரும் எட்டாத ஊர்களுக்கு வானத்திலிருந்து பாடம். 1980இல் அதைத் தனியாரிடம் கொடுத்தார்கள், அப்போதுதான் 'லேர்னிங்' பெயரில் வந்தது. 1991இல் டிஸ்கவரி வாங்கியது. பிறகு பெயரைச் சுருக்கி மூன்று எழுத்தாக்கினார்கள், விரிவு மறந்துபோவதற்கு வசதியாக. இப்போது அந்த மூன்று எழுத்துக்குக் கீழே கல்யாண கவுன் வாங்கப் போகும் மணப்பெண்களும் கேக் சுடுகிறவர்களும். இந்தியாவில் 2004இல் 'டிராவல் அண்ட் லிவிங்' என்று வந்த சேனலுக்கு 2010இல் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். நம் அதிகாரி அழுவது இந்த வரலாற்றின் கடைசித் துண்டுக்காக.

மலைஜாதி ஏழை வந்து, எனக்குப் பாடம் வேண்டாம், கவுன் காட்டு என்று கேட்டானா? அவனிடம் கேட்டதே இல்லை. அவன் கையில் கவுன் வாங்கக் காசும் இல்லை. விளம்பரம் கொடுக்கிறவன் கேட்டான், சேனல் போனது. பழி மட்டும் ரசனையின் தலையில்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பலாச்சியாவுக்குப் பாடம் அனுப்பியது ஏடிஎஸ்-6 என்கிற செயற்கைக்கோள். 1974இல் ஏவி, ஒரு வருஷம் அங்கே வேலை வாங்கிவிட்டு அதே கோளை நகர்த்தி இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், குழந்தைகளுக்குப் பாடம். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் இந்தியத் தொலைக்காட்சி கிராமத்துக்குப் போன கதையின் தொடக்கம் அதுதான். அங்கே மலைக்காட்டு ஏழை, இங்கே கிராமத்து ஏழை. இருவர் பெயரையும் சொல்லித்தான் இந்தப் பெட்டி ஊருக்குள் வந்தது.

வந்த பெட்டியை எங்கே வைத்தார்கள்? நான் பிறந்தது அவிநாசிப் பக்கம் ஒரு ஊர். பஞ்சாயத்து டிவி ரூம் ஊருக்குள்ளே, கோயில் திண்ணைக்கு எதிரில் இருந்தது. எங்கள் வளவிலிருந்து போன பிள்ளைகள் வாசற்படிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து, முன்னால் நிற்பவர்களின் காலிடுக்கில் பார்த்தோம். 'வயலும் வாழ்வும்' ஓடும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம், என்ன மருந்து, எந்த ரகம் என்று அதில் வரும் நிபுணர் 'விவசாயப் பெருமக்களே' என்று கூப்பிட்டுச் சொல்வார். என் அப்பன் ஒரு தோட்டத்தில் படியாளாக இருந்தவர். மருந்து டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு பருத்திக்கு அடித்தவர் அவர். அடித்த ராத்திரி வாந்தி எடுத்தவரும் அவர்தான். அந்த மருந்தை எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்பதைப் பெட்டி தோட்டக்காரருக்குச் சொன்னது. அடிக்கிறவன் மூக்கில் துணி கட்ட வேண்டும், கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது, கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று அப்பனைப் பார்த்து அந்தப் பெட்டி பேசி நான் கேட்டதில்லை. வயலும் அவர்களுடையது, வாழ்வும் அவர்களுடையது.

கச்சேரியும் அப்படித்தான். மார்கழி முழுக்கச் சபா. எங்கள் வளவில் சாவுக்கும் சாமிக்கும் அடித்த பறை குடியரசு தினத்தன்று 'கிராமியக் கலை' என்று ஒரு சில நிமிஷம். இதைத்தான் 'தரம்' என்றார்கள். அந்தத் தரம் போனது என்றுதான் இப்போது அழுகிறார்கள்.

2006 செப்டம்பரிலிருந்து அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல். இலவசம் என்று இளித்தவர்கள் இளித்தார்கள். அது எங்கள் வளவுக்கு வந்த நாளில் என் அம்மா முதல் தடவையாக யாருடைய வாசலிலும் நிற்காமல், தன் வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து படம் பார்த்தாள். இந்த ஒன்றைச் சொல்லாமல் இலவச டிவியைப் பற்றி எவன் பேசினாலும் நான் கேட்பதாயில்லை. அந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள்தான் மக்கள் டிவி, கலைஞர், மெகா, ஜீ தமிழ் என்று வரிசையாகச் சேனல்கள் வந்தன. பெட்டி வந்தது, கம்பி வந்தது, சேனல் வந்தது. வீட்டுக்கு வந்த சேனல் நம்மைப் பார்வையாளராகச் சேர்த்துக்கொண்டதா என்பது தனிக் கேள்வி.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். சேனல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது டிஆர்பி என்று எல்லோருக்கும் தெரியும். அதை எடுக்கும் பார்க் நிறுவனம் 2020 வாக்கில் 44,000 வீடுகளில் மீட்டர் வைத்திருந்தது. நாட்டில் டிவி உள்ள வீடுகள் அப்போது சுமார் 21 கோடி. கிட்டத்தட்ட ஐயாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு பேசுகிறது. சரி, மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. எண்ணிய பிறகு வீட்டுக்கு விலை போடுகிறார்களே, அங்கேதான் இருக்கிறது விஷயம். என்சிசிஎஸ் என்று ஒரு தரவரிசை. 2011இலிருந்து விளம்பர உலகம் வைத்திருப்பது. ஏ1இல் தொடங்கி இ3 வரை பன்னிரண்டு படி. இரண்டே கேள்வி. வீட்டில் முக்கியமாகச் சம்பாதிக்கிறவர் எதுவரை படித்திருக்கிறார்? பதினோரு பொருளில் எத்தனை இருக்கிறது? அந்தப் பதினொன்று: மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, இருசக்கர வண்டி, கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி. பதினோராவது, விவசாய நிலம்.

நிலம்! ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் பக்கத்தில் நிலம். சாதி என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. எதற்கு வேண்டும்? யாருக்குப் படிப்பு மறுக்கப்பட்டது, யாருக்கு நிலம் மறுக்கப்பட்டது என்று தெரிந்தவனுக்கு அந்த இரண்டு கேள்வியே போதும். மேல்படியில் இருக்கிற ஆயிரம் பேர் பார்த்தால் சோப்புக் கம்பெனி, கார்க் கம்பெனி எல்லாம் ஓடிவரும். அடிப்படியில் லட்சம் பேர் பார்த்தாலும் யோசிக்கும். இது என் கற்பனையில்லை. 2015 அக்டோபரில் கிராமத்து வீடுகளையும் எண்ண ஆரம்பித்ததும், தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷில் வந்த ஜீ அன்மோல் மாதிரி சேனல்கள் இந்திப் பட்டியலின் உச்சிக்குப் போயின. ஏழை பார்த்தது எண்ணிக்கையில் ஏறியது. அப்படியும் என்ன நடந்தது? 2019 மார்ச்சில் பெரிய கம்பெனிகள் நாலும் அந்தச் சேனல்களை இலவச டிஷ்ஷிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டன. அடுத்த வருஷம் திரும்பி வந்தன, வேறு கணக்குப் போட்டு. ஆகவே அடுத்த முறை யாராவது 'ஜனங்க ரசனையால சேனல் கெட்டுது' என்று சொன்னால், எந்த ஜனம், என்ன படி என்று கேளுங்கள்.

பெயர் மாறினால்தான் சேனல் மாறியது என்றும் இல்லை. விஜய் டிவியைப் பாருங்கள். 1990களில் ஜிஇசி என்ற பெயரில் உடையார் தொடங்கியது. மல்லையா கைக்குப் போய் 'விஜய்' ஆனது. (மல்லையாவின் முதற்பெயர் உங்களுக்கே தெரியும்.) அவரிடமிருந்து யுடிவி, 2001இல் முர்டாக்கின் ஸ்டார், 2019இல் டிஸ்னி, 2024 நவம்பரில் ரிலையன்ஸ் கூட்டில் ஜியோஸ்டார். 'விஜய்' என்ற பெயர் ஒன்று, முதலாளி ஐந்து. இந்தப் பக்கம் தூர்தர்ஷனில் முதலாளி ஒன்று, பெயர் மூன்று. எதற்கு இரங்கல் கூட்டம் போடுவது? மல்லையா பதினேழு வங்கிகளுக்குச் சுமார் ஒன்பதாயிரம் கோடி பாக்கி வைத்துவிட்டு 2016 மார்ச்சில் விமானம் ஏறியவர். அதே வருஷம் நாற்பதாயிரம் ரூபாய் கல்விக் கடன் பாக்கிக்காக நம் பையன் ஒருவன் வீட்டு வாசலில் வசூல் ஏஜெண்டு நின்று கத்தினான். எந்த வங்கி என்று கேட்காதீர்கள், நானும் ஒரு வங்கியில்தான் உப்புத் தின்கிறேன்.

தமிழுக்கென்றே வந்த சேனலும் உண்டு. 2006இல் மக்கள் டிவி சினிமா இல்லாமல், கலப்பில்லாத தமிழில் என்று வந்தபோது நல்ல பேர் வாங்கியது. அந்தத் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் கொங்குப் பக்கத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு. எங்கள் வீட்டிலும்தான். தெருவில் தமிழ், பள்ளியில் தமிழ், எழுதுவது தமிழ், அம்மா திட்டுவது தெலுங்கு. தூய தமிழ் என்ற அளவுகோலில் அவள் எந்தப் பக்கம்? 'மக்கள்' என்ற சொல்லுக்குள் அவள் உண்டா? அந்தச் சேனலை நடத்திய கட்சியின் தலைமை 2012இல் காதல் நாடகம், ஜீன்ஸ், கூலிங் கிளாஸ் என்று நம் பிள்ளைகளைப் பற்றி மாநிலம் முழுக்கப் பேசியபோது அதற்கு விடை கிடைத்துவிட்டது.

அப்படியானால் நாம் திரையில் வருவதே இல்லையா? வருகிறோம். குடும்பப் பொழுதுபோக்கு என்று வந்த ஜீ தமிழ் 2011இலிருந்து 'சொல்வதெல்லாம் உண்மை' என்று ஒரு பஞ்சாயத்தை நடத்தியது. ஓடிப்போன புருஷன், அடிவாங்கிய பெண்டாட்டி, கூலிக்காரக் குடும்பங்கள், கேமரா முன்னால் அறை. வக்கீல் வைக்க வசதியுள்ள வீட்டுச் சண்டை அங்கே வந்து நான் பார்த்ததில்லை. 2018இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. 2016 மார்ச் 13, உடுமலை பஸ் ஸ்டாண்ட் அருகே சங்கரை வெட்டியது சிசிடிவியில் பதிவானது. எத்தனை நாள், எத்தனை தடவை அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள்! செய்தி என்று ஆரம்பித்த சேனலும் பொழுதுபோக்குச் சேனலும் அன்றைக்கு ஒரே சேனலாக இருந்தன. 2019 டிசம்பர் 2 விடிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து நம் ஆட்கள் பதினேழு பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அன்று காலை நான் மாற்றி மாற்றிப் பார்த்த திரைகளில் 'கனமழை' என்றுதான் ஓடியது. குடியிருப்பை ஒட்டி இருபதடிக்கு அந்தச் சுவரை எதற்கு எழுப்பினார்கள் என்ற கேள்வி போராட்டம் நடந்த பிறகுதான் திரைக்கு வந்தது. மழைக்குச் சாதி இல்லை. சுவருக்கு உண்டு.

சரி, இப்போது பொதிகைக்குத் திரும்புவோம். அது எதற்காக உண்டானதோ அந்த நோக்கத்திலிருந்து விலகிவிட்டது என்கிறார்கள். எந்த நோக்கம்? கர்நாடக இசையா? அகத்தியரா? சட்டத்தை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. பிரசார் பாரதி சட்டம் 1990, நடைமுறைக்கு வந்தது 1997. அதன் 12ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில் தூர்தர்ஷனின் வேலை என்னென்ன என்று வரிசையாக எழுதியிருக்கிறது. சமூக நீதியை வளர்ப்பது, சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் தீண்டாமை போன்ற கேடுகளையும் எதிர்த்து நிற்பது, நலிந்த பிரிவினரின் நலனை முன்னெடுப்பது. அதே பட்டியலில் உழைக்கும் வர்க்கத்தின் உரிமைகளைக் காப்பதும் இருக்கிறது. தீண்டாமை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது! மலையின் பெயர் அதில் இல்லை.

அந்த வேலையிலிருந்து விலகுவதற்கு முதலில் அதைச் செய்திருக்க வேண்டும். 2000இல் பெயர் வைத்தபோதும் செய்யவில்லை, 2024இல் பெயரை எடுத்தபோதும் யாரும் கேட்கவில்லை. பெயரில் 'தமிழ்' ஏறிய அதே வருஷம் அக்டோபர் 18இல் சென்னைத் தூர்தர்ஷன் தன் பொன்விழாவை இந்தி மாத நிறைவு விழாவோடு சேர்த்துக் கொண்டாடியது. தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட' என்று வரும் வரியைப் பாடாமல் தாண்டினார்கள். நாடே கொதித்தது, தூர்தர்ஷன் மன்னிப்புக் கேட்டது. ஒரு வரியை விட்டதற்கு மன்னிப்பு வாங்க முடிகிறது நம்மால். ஒரு சட்டப்பிரிவையே விட்டதற்கு?

தனியாருக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது, நூல் மாதிரி. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் காற்றலை பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச்சொத்தில் சேனல் வைக்க 2011 விதிப்படி நிகர மதிப்பு ஐந்து கோடி காட்ட வேண்டியிருந்தது, செய்திச் சேனல் என்றால் இருபது கோடி. ஊர்ப்பொதுக் கிணறு மாதிரியான பொது இது. 2022 நவம்பரில் வந்த வழிகாட்டு விதி, தினம் அரைமணி நேரமாவது பொதுநல நிகழ்ச்சி போட வேண்டும் என்று எட்டுத் தலைப்பு கொடுத்தது. அதில் ஒன்று, நலிந்த பிரிவினர் நலன். எட்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம், சீரியலுக்குள் கலந்து காட்டினாலும் கணக்கில் வரும் என்று பிறகு தளர்த்தினார்கள். செய்தோம் என்று சேனலே எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். அந்த அறிக்கை அமைச்சகத்தில் இருக்கும்.

அரசுக் கலைக் கல்லூரியிலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு மாச வேலை. ஆளுக்கு ஒரு சேனல், ஒரு நோட்டு. சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை. நாம் எந்த இடத்தில் வருகிறோம், என்னவாக வருகிறோம், யார் நம்மைப் பற்றிப் பேசுகிறார், எத்தனை நிமிஷம். அவ்வளவுதான்.

தூர்தர்ஷனுக்குத் தகவல் உரிமைச் சட்டம் செல்லும். பத்து ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் அதுவும் இல்லை. கேட்க வேண்டியவை: 12ஆம் பிரிவின்படி தீண்டாமைக்கு எதிராகக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் டிடி பொதிகையும் டிடி தமிழும் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் பெயர், தேதி, நேரம், நிமிஷம். அவற்றுக்குச் செலவான தொகை. அதே காலத்தில் கர்நாடக இசை நிகழ்ச்சிகளுக்குச் செலவான தொகை. பறை, தப்பாட்டக் கலைஞர்கள் எத்தனை பேருக்கு அழைப்பு, ஒருவருக்கு என்ன சன்மானம். நடூர் பற்றி 2019 டிசம்பரிலிருந்து இன்றுவரை எத்தனை நிகழ்ச்சி. அமைச்சகத்துக்குத் தனி மனு: தனியார் தமிழ்ச் சேனல்கள் 'நலிந்த பிரிவினர் நலன்' என்ற தலைப்பில் கொடுத்த மாத அறிக்கைகளின் நகல்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனு எழுதித் தர நான் இருக்கிறேன், சனி சாயங்காலம் கணபதியில் இருப்பேன். வந்த பதிலின் நகல் ஒன்றை இதழுக்கு அனுப்புங்கள்.